நுரைக்கும்னு எழுதிக்கோம்மா

எங்கள் வகுப்புக்கு அன்று காய்ச்சல். ஆகவே வகுப்பு வரவில்லை.

காலையில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. வருகைப் பதிவுக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பேசினாள்.

"சார், உங்க துறையில மொத்த ஸ்டூடன்ட்ஸும் வரலைன்னு சிவப்புல காட்டுது. ஸ்ட்ரைக்கா?"

"இல்லம்மா. காய்ச்சல்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் 'அச்சச்சோ' என்று சொல்லி வைத்துவிட்டாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு துறையே படுத்துவிட்டது என்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது.

நான் நிலவியல் துறையின் தலைவர். தலை நான் என்றால், உடம்பு என்று சொல்ல எனக்கு எதிர்மேசையில் உட்காரும் இளம் விரிவுரையாளர் ஒருத்தி. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு உயிர் வாழ்கிறவள். அவளை நான் எதிர்மேசை என்றுதான் சொல்வேன். அவள் என்னை என்னவென்று சொல்வாள் என்று நான் விசாரித்ததில்லை. சில விஷயங்களைத் தோண்டாமல் இருப்பதே நிலவியலாளனுக்கு அழகு. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மாணவி. அவளைத்தான் 'வகுப்பு' என்போம். "வகுப்பு வந்தாச்சா?", "வகுப்பு டீ குடிக்கப் போயிருக்கு சார்", "வகுப்பு இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே, என்னவாம்?" இப்படி.

தேர்வில் வகுப்பில் முதல் மாணவி அவள்தான். கடைசி மாணவியும் அவள்தான். வகுப்புத் தலைவர் தேர்தலில் போட்டியின்றி வென்றாள். ஓட்டுப் போட மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"ஒரு பொண்ணுக்கு ரெண்டு வாத்தியாரா?" என்பாள் என் மனைவி. "ராஜகுமாரிக்குக்கூட ஒருத்தர்தானே இருந்திருப்பாரு."

"அவங்களுக்கு நிலவியல் இல்லடி. இருந்திருந்தா ரெண்டு பேர் வச்சிருப்பாங்க."

மற்றத் துறைக்காரர்களுக்கு நாங்கள் கல்லுக்கடை. படிக்கட்டுக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை எங்களுடையது. மரத்தட்டுகளில் கற்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். சன்னல் இருக்கிறது, அதைத் திறந்தால் நடைபாதையில் போகிறவர்களின் கணுக்கால் தெரியும்.

வகுப்புக்கு முப்பதை நெருங்கும் வயது. அக்காள் வீட்டில் இருந்தாள். அக்காள் கணவர் செருப்புக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். சேர்க்கை நாளன்று ஒரு தகர டப்பாவை என் மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பொடிக்கற்கள்.

"பழுது பாக்க வர்ற செருப்புக்கு அடியில சிக்கியிருக்கும் சார். நோண்டி எடுத்து வச்சேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இதெல்லாம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

என் பணிக்காலம் முழுவதிலும் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்த ஒரே ஆள் இவள். மற்றவர்கள் எல்லாரும் வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வழுக்கி விழுந்து எங்கள் மேல் வந்து நின்றவர்கள். நான் அந்த டப்பாவை மூடி, "வெளியிலேர்ந்து வர்ற கல்லு மூணாவது வருஷப் பாடம்மா. அப்போ ஒண்ணொண்ணா பாத்துடலாம்" என்று சொல்லி, அலமாரியில் பத்திரமாக வைத்தேன். பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"மாமா சிரிச்சாரு சார்," என்றாள். "செருப்புல இருக்கற கல்லப் படிக்க யாராவது காலேஜுக்குப் போவாங்களான்னு. நீ வேணா பாரு, ஒரே வருஷத்துல திரும்பி வந்து கல்லாவுல ஒக்காருவேன்னு சொல்லியிருக்காரு."

"அவரு சிரிக்கட்டும். நீ பட்டம் வாங்கிட்டுப் போய் அவரு கடை வாசல்ல நின்னு சிரி."

இப்படிப்பட்ட வாக்குகளைக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

அவளுக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் எங்கள் துறையில் யாருமே சேரவில்லை. அதற்கு மூத்தவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். அவளோடு சேர்ந்த மூன்று பேரும் முதல் மாதமே வேறு துறைகளுக்குத் தாவினார்கள். அவளுக்குப் பிறகு, மறு ஆய்வு முடியும் வரை சேர்க்கை கூடாது என்று கல்லூரி கதவைச் சாத்திவிட்டது. ஆக மேலே யாரும் இல்லை, கீழே யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை. அப்போது இதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. 'தனிக் கவனம் கிடைக்கும்' என்று அவளிடமே பெருமையாகச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் கற்பித்தல் மேம்பாட்டு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் பயிற்சிக்குப் போக வேண்டும். கலர் கலராக ஒட்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு இளைஞர் பாடம் எடுத்தார். இனிமேல் ஆசிரியர் பேசக் கூடாதாம், மாணவர்தான் பேச வேண்டுமாம். மாணவரை நடுவில் வையுங்கள் என்றார். நாங்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். மறுநாளே நாற்காலியை அறையின் நடுவில் போட்டு அவளை உட்காரவைத்தோம். முடி வெட்ட வந்தவள் போல அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு ஜோடியாகப் பேச வேண்டும், கடைசியில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். இது ஒரு முறை. வகுப்பு தனியாக யோசிப்பாள். ஜோடிக்கு எதிர்மேசை போய்ப் பக்கத்தில் உட்காருவாள். எல்லாரும் என்பது நான். எதிர்மேசைக்கு விடை தெரியும் என்பதால் தெரியாதவள் மாதிரி நடிக்க வேண்டியிருந்தது. அதை நன்றாகவே செய்தாள். ஒருநாள் மடிப்புகளைப் பற்றிய பாடத்தில் அவள் புரியாத மாதிரி முழித்த முழிப்பைப் பார்த்து மனமிரங்கிய வகுப்பு, தன் துப்பட்டாவை மேசைமேல் விரித்து, இரண்டு பக்கமும் நெருக்கி, "இப்டி அமுக்கினா நடுவுல எழும்புது பாருங்க மேடம். மலையும் இதான்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் துறையில் நடந்த உருப்படியான பாடம் அது ஒன்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆசிரியரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் கருத்து எழுதும் நாளும் வந்தது. எழுதியது யார் என்று ஆசிரியருக்குத் தெரியக் கூடாது என்பது கண்டிப்பான விதி. எழுதி முடிக்கும் வரை நானும் எதிர்மேசையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று எழுதியிருந்தாள்.

"குறைன்னு ஏதாவது சொல்லும்மா. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்," என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "பிராக்டிகல் மேசைக்கு மட்டும் லைட்டு கொஞ்சம் கூட இருந்தா நல்லாருக்கும் சார்."

அன்று மாலையே என் மகள் படிக்கும் மேசை விளக்கை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கழுத்தை வளைத்து எங்கே வேண்டுமானாலும் வெளிச்சம் பாய்ச்சலாம், நல்ல விளக்கு.

"பெத்த பொண்ணு இருட்டுல படிக்கட்டும்னு தூக்கிட்டுப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"இவ படிக்கவே இல்லியே. வெளக்கு சும்மா எரிஞ்சிட்டிருக்கு. அங்க ஒருத்தி படிக்கிறாடி."

இனி பாட்டில் விஷயம்.

ஒரு கல் இன்னதென்று கண்டுபிடிக்க வரிசையாகச் சில சோதனைகள் உண்டு. முதலில் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பிறகு கத்தியால். பிறகு கல்லைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு துளி நீர்த்த அமிலம். சுண்ணாம்பு ஜாதிக் கல்லாக இருந்தால் பொங்கி நுரைக்கும். இல்லையென்றால் துளி சும்மா கிடக்கும். இவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கள் பாட்டிலில் அமிலம் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் மேல்மாடி வேதியியல் கூடத்தில் யாரோ சட்டைக் கையைப் பொசுக்கிக்கொண்டார்கள். உடனே பாதுகாப்பு விதி ஒன்று வந்தது: வேதியியல் தவிர மற்றத் துறைகளின் மாணவர் கூடங்களில் அமிலம் வைக்கக் கூடாது. பாடத்திட்டத்தில் அந்தச் சோதனை இருக்கிறது. கூடத்தில் அமிலம் இருக்கக் கூடாது. இரண்டு விதிகளையும் ஒரே சமயத்தில் மதிப்பது எப்படி? அப்போதிருந்த ஆய்வக உதவியாளர் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தார். "கை பழகட்டும் சார்," என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதிலிருந்து துளி விட்டதும் நாங்கள் சொல்கிற வாசகம் ஒன்று: "நுரைக்கும்னு எழுதிக்கோங்க."

இது ஒன்றும் ரகசியம் இல்லை. வந்த முதல் நாளே மூத்தவர்கள் இளையவர்களின் காதில் போட்டுவிடுவார்கள். செய்முறை வகுப்பில் யாராவது துளி விட்டால் கடைசி வரிசை வாயாலேயே 'உஸ்ஸ்ஸ்' என்று நுரைக்கும். நானும் சிரிப்பேன். தேர்வில் கேட்டால் எல்லாரும் சரியாக எழுதுவார்கள். நாங்கள் இப்படி ஒரு கூட்டுக் களவாணிகளாகப் பல காலம் சௌக்கியமாக இருந்தோம்.

வகுப்பும் துளி விடுவாள். விட்டுவிட்டு விளக்கின் கழுத்தை இழுத்து, கல்லுக்கு மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் பார்ப்பாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது சார்."

"நுரைக்கும்னு எழுதிக்கோம்மா."

எவ்வளவு ஈடுபாடு பார் என்று நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன். நாடகமாக இருந்தாலும் எவ்வளவு முழுமையாக நடிக்கிறாள் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். இடையில் ஒருநாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். சில மாதங்கள் கழித்து இன்னொன்று, முன்னதைவிடத் தடிமனாக. "என்ன, வகுப்பு ஸ்டைலா மாறிட்டே போகுது," என்று எதிர்மேசை கிண்டல் செய்தாள். அவளும் சிரித்தாள்.

மறு ஆய்வுக் குழு வரும் தேதி வந்தது. முதல்வர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். குழுவுக்குத் திருப்தி என்றால் அடுத்த ஆண்டு சேர்க்கை திறக்கும், துறை நடக்கும். இல்லையென்றால் இந்த ஆண்டோடு மூடல். மூடினால் வகுப்பு வேறு துறையில் முதலாண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படித்த இரண்டு ஆண்டும் கணக்கில் வராது.

திரும்பி வரும்போது படிக்கட்டில் அவள் நின்றாள்.

"மறுபடியும் மொதல்லேர்ந்துன்னா என்னால முடியாது சார். மாமா கல்லாவத் தொடச்சு வச்சிட்டுக் காத்திட்டிருக்காரு."

"அதெல்லாம் நடக்காதும்மா. நீ ஒருத்தி நாப்பது பேருக்குச் சமம்."

"நாப்பது பேர்ல ஒருத்தியா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும் சார்," என்றாள். அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

குழு வருவதற்கு முன்தினம் எதிர்மேசை பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"சார், இத என்ன பண்றது? மேல கெமிஸ்ட்ரில கெஞ்சிக் கேட்டு நிஜத்த கொஞ்சம் ஊத்தி வச்சிடவா?"

"வேணாம். விதி மீறல்னு அதுல பிடிச்சுக்குவாங்க. நாளைக்கு அதுவரைக்கும் போகவே மாட்டாங்க. குழு விவாதம் காட்டணும், ஜோடிப் பேச்சு காட்டணும், அதுக்கே நேரம் பத்தாது."

"கேட்டா?"

"வகுப்புக்குத் தெரியாதா என்ன? சமாளிச்சுக்கும்."

எதிர்மேசையும் தலையாட்டினாள். பாட்டிலில் இருப்பது தண்ணீர் என்று வகுப்பிடம் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நான் எதிர்மேசை சொல்லியிருப்பாள் என்று இருந்தேன். அவள் நான் சொல்லியிருப்பேன் என்று இருந்தாள். உண்மையில் அதை ஆசிரியர்கள் யாரும் எந்த மாணவருக்கும் எப்போதுமே சொன்னதில்லை. அது கடைசி வரிசையின் வேலை.

குழுவில் மூன்று பேர். கனத்த குரலில் பேசும் தலைவர் ஒருவர். கற்பித்தல் முறை நிபுணர் ஒருவர். மூன்றாவதாக வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நிலவியல் பேராசிரியை. தோளில் துணிப்பை, வெயிலில் கறுத்த கைகள், நிஜமாகவே மலை ஏறி இறங்கினவர் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் மலை ஏறி நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் துறைப் படிக்கட்டில் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

முறை நிபுணர், "குழுச் செயல்பாட்டுக்கு மாணவர்களை எத்தனையாப் பிரிப்பீங்க?" என்று கேட்டார்.

"பிரிச்சா அவளுக்கு வலிக்கும் சார்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். ஆனால் ஜோடிப் பேச்சு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எதிர்மேசை அன்று ஒன்றுமே தெரியாதவளாக அற்புதமாக நடித்தாள். தலைவர்கூட முகம் தளர்ந்து, "ஒரு ஸ்டூடன்ட்தானேன்னு பேசறாங்க. அந்த ஒண்ணு நல்லா இருந்தா போதும், இன்னொரு வருஷம் சேர்க்கை திறந்து பாக்கலாம்னுதான் எனக்கும் தோணுது," என்றார். நான் எதிர்மேசையைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

அப்போது பேராசிரியை எழுந்து வந்தார். மரத்தட்டில் கிடந்த கற்களைப் புரட்டி, முதுகில் இருந்த எண்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் இவங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சிங்க. புதுசா ஒண்ணு குடுப்போமா?" துணிப்பையில் கைவிட்டு வெள்ளையாக ஒரு சில்லை எடுத்தார். "உங்க முதல்வர் ரூம் வாசல்ல பூந்தொட்டியில போட்டிருந்துது. திருடிட்டு வந்துட்டேன். இது என்னன்னு பாத்துச் சொல்லும்மா. அவசரமே இல்ல."

வகுப்பு அதை வாங்கி உள்ளங்கையில் கனம் பார்த்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் செய்யச் செய்ய வாய்விட்டுச் சொன்னாள்.

"நகத்துல கீறல் விழல மேடம். கத்தியில நல்லா விழுது. பொடி வெள்ளையா வருது. கண்ணாடிய இது கீறல. அதனால குவார்ட்ஸ் இல்ல."

"அப்போ?"

"கால்சைட்டா இருக்கணும் மேடம், சுண்ணாம்பு ஜாதி. உள்ள மணி மணியா சக்கர மாதிரி தெரியுது. மார்பிள்."

பேராசிரியை முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எண் இல்லாத கல். யாரும் சொல்லித்தராத கல். அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் போதும்.

"கடைசியா ஒரு டெஸ்ட் இருக்கு மேடம்," என்று வகுப்பு பாட்டிலை எடுத்தாள்.

எதிர்மேசை இருமினாள். நான் முன்னால் வந்து, "டீ ஆறிடும், வாங்க, குடிச்சிட்டே பேசலாமே," என்றேன்.

"முடிக்கட்டும் சார். எவ்ளோ அழகா செய்யுது பொண்ணு," என்றார் தலைவர்.

ஒரு துளி விட்டாள். துளி கல்லின்மேல் உருண்டையாக, பளபளவென்று, எந்தக் கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வகுப்பு என் மகளின் விளக்கைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். குனிந்தாள். எப்போதும் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"நுரைக்குது மேடம்."

"நுரைக்குதா?"

"ஆமா மேடம். லேசா."

பேராசிரியையும் குனிந்தார். "எங்கம்மா?"

வகுப்பின் விரல் கல்லின்மேல் தயங்கியது. "இங்க. ஓரத்துல."

நான் காத்திருந்தேன். இப்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள், பழைய கடைசி வரிசைக்காரர்கள் பார்ப்பார்களே, அந்தக் களவாணிப் பார்வை. அவள் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும் என்று கண்ணைக் கசக்காமல் கசக்குகிற முகம் அது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவே இல்லை.

பேராசிரியை பாட்டிலை எடுத்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தன் துணிப்பையிலிருந்து விரலளவு பாட்டில் ஒன்றை எடுத்தார். கைக்குட்டையால் கல்லைத் துடைத்தார்.

"இதையும் ஒரு துளி விட்டுப் பாப்போம்," என்றார் மெதுவாக.

கல் சுர்ரென்று பொங்கியது. விளக்கோ லென்ஸோ குனிந்து பார்ப்பதோ எதுவுமே தேவைப்படவில்லை. குழுவோடு வந்து வாசலில் நின்ற முதல்வருக்கே தெரிந்திருக்கும். வெள்ளை நுரை குமிழ் குமிழாக எழும்பி, வழிந்து, அவள் விரல் நுனிவரை வந்தது.

வகுப்பு கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுவா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுவா சார்?"

தலைவர் வெளியே போகும்போது படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னார். குரல் கனமாக இல்லை. "ஒரு ஸ்டூடன்டுக்கே இப்படித்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க. இன்னும் நாப்பது பேர எந்த தைரியத்துல உங்க கையில குடுக்கறது?"

அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது: நாற்பது பேர் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. ஆனால் சரியான பதில் எல்லாம் சொல்லத் தகுந்த பதில் ஆகிவிடாது.

அறைக்குத் திரும்பினேன். எதிர்மேசை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு தன் இடத்தில் உட்கார்ந்து கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு தடவகூட தெரிஞ்சதில்ல சார்," என்றாள். "ரெண்டு வருஷமா. கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். டாக்டரு நல்லாத்தான் இருக்குன்னாரு. நான்தான் விடாம அடம் பிடிச்சுக் கண்ணாடி மாத்திக்கிட்டேன். இந்தக் கண்ணாடி போட்டா தல வலிக்கும்."

"சொல்லியிருக்கலாமேம்மா, தெரியலன்னு."

"லைட்டு கேட்டேனே சார்."

எதிர்மேசை தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் தெரியுதுங்கறீங்க. நான் ஒருத்தி மட்டும் எப்படி தெரியலன்னு சொல்றது? பக்கத்துல இன்னொரு பொண்ணு இருந்திருந்தா அவகிட்ட கேட்டிருப்பேன், உனக்குத் தெரியுதாடின்னு." கல்லைத் தட்டில் வைத்தாள். "அப்புறம் பழகிடுச்சு சார். உத்துப் பாத்துட்டே இருந்தா தெரியற மாதிரிதான் இருக்கும். இன்னிக்குக்கூட நான் பொய் சொல்லல. ஓரத்துல ஏதோ தெரிஞ்சுது."

அவள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

உத்தரவு வந்தது. துறை இந்த ஆண்டோடு மூடப்படுகிறது. எதிர்மேசையின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. வகுப்பு விரும்பினால் வேறு துறையில் முதலாண்டில் சேரலாம். நான் முதல்வரிடம் போய், தப்பு பாட்டிலுடையது, அதாவது என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, இன்னொரு தாளை நகர்த்தினார். முறை நிபுணர் எங்களுக்கு மிக உயர்ந்த மதிப்பெண் போட்டிருந்தாராம். மாணவர் மையக் கற்பித்தலில் கல்லூரியிலேயே முதலிடம். அதனால் ஓய்வு பெறும் வரை என்னைக் கற்பித்தல் மேம்பாட்டு மையத்தில் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"வாழ்த்துகள்," என்றார்.

வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நல்ல நகைச்சுவைதானே. அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே, "அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி நாள் வகுப்பு வந்தாள். எதிர்மேசையின் மேசை அதற்குள் காலி. இழுப்பறையைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள். வகுப்பு பழைய கண்ணாடியைப் போட்டிருந்தாள். விளக்கைப் பிடுங்கி, வயரை நேர்த்தியாகச் சுற்றி, என் கையில் கொடுத்தாள்.

"உங்க பொண்ணுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க சார்."

"வேற டிபார்ட்மென்ட்ல சேரலாமேம்மா."

"இல்ல சார். மாமா சிரிக்கக்கூட இல்ல. பரவால்ல விடும்மான்னாரு. அதான் தாங்கல." அலமாரியைப் பார்த்தாள். "அந்த டப்பா இருக்கா சார்?"

எடுத்துக் கொடுத்தேன். மேலே தூசி. மூன்றாவது வருஷம் பார்க்கலாம் என்று நான் சொன்ன கற்கள். திறந்தேன். என் கை தானாகக் கத்தியைத் தேடியது.

"இப்போ பாத்துடலாமாம்மா? ரெண்டு பேரும் ஒக்காந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"வேணாம் சார்." டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனாள். நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கவா? மத்ததெல்லாம் நிஜமா?"

"எது?"

"மத்ததெல்லாம். கடல் இருந்த எடம் மலையாச்சுன்னு சொன்னீங்க. பூமிக்குள்ள உருகி ஓடுதுன்னு. கல்லுக்கு அத்தன கோடி வயசுன்னு. நான் எதையும் பாத்ததில்ல. நீங்க சொன்னீங்க, எழுதிக்கிட்டேன்."

எந்தக் கேள்விக்கும் ஒரு கிண்டலைக் கையில் வைத்திருப்பவன் நான். அன்று கையில் விளக்கு மட்டும்தான் இருந்தது.

"நிஜம்மா," என்றேன். "எல்லாம் நிஜம். கத்தி நிஜம், கண்ணாடித் துண்டு நிஜம். நீ துப்பட்டாவ மடிச்சுக் காட்டினியே, அது நிஜம். கடல் நிஜம்..." சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. செய்முறை வகுப்பில் துளி விட்டதும் வருமே, அந்தக் குரல்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். "தெரியுது சார்" என்று சொல்லும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி.